ஜப்பான் பென்ஷன் ரீஃபண்ட்: ஏஜென்ட் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் 20.42 சதவீதம்

மேலூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் டோக்கியோவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். மூன்று வருட ஒப்பந்தம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஒரு வருடத்தில் ஊர் திரும்பிவிட்டார். ஜப்பானில் கட்டிய பென்ஷன் சந்தாவில் ஒரு பகுதியை, ஊர் திரும்பிய வெளிநாட்டவருக்குத் திருப்பித் தருவார்கள். அந்த ரீஃபண்டை வாங்கித் தருவதாகச் சொன்ன மதுரை ஏஜென்ட் ஒருவரிடம் போனார். "டீச்சர், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அவர். நான்கு தாள். இரண்டில் ஜப்பானிய எழுத்து, ஒன்றில் ஆங்கிலம், ஒன்று வெறும் தாள். கமிஷன் 30 சதவீதம். அதற்கு ஈடாகக் கையெழுத்துப் போட்ட காசோலை ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பணம் வந்தது. அதனால்தான் ஏமாந்தது தெரியவே பல மாதம் ஆனது.

கணக்கைப் பாருங்கள். பென்ஷன் கணக்குக்காக நிர்ணயித்த அவருடைய சராசரிச் சம்பளம் மாதம் 2,80,000 யென். 12 மாதச் சந்தாவுக்கு ரீஃபண்ட் 3,08,000 யென். அதில் 20.42 சதவீதம், அதாவது 62,893 யென், வருமான வரியாகப் பிடிக்கப்பட்டு மீதி 2,45,107 யென் அவர் கணக்கில் ஏறியது. ஏஜென்ட் கமிஷனைப் போட்டது கைக்கு வந்த தொகைக்கு அல்ல, முழு 3,08,000-க்கு: 92,400 யென். அது போகட்டும், பேசிய பேச்சு. பிடித்த வரி 62,893 யென்னைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்பதையே அவர் ஆசிரியையிடம் சொல்லவில்லை. கேட்டும் வாங்கியாயிற்று, போய்ச் சேர்ந்தது டோக்கியோவில் வேறொருவர் கணக்கில். இரண்டையும் கூட்டினால் 1,55,293 யென். மொத்தத்தில் பாதிக்கும் மேல்.

இது எப்படி நடக்கிறது என்றால், ஜப்பான் பென்ஷன் அலுவலகம் ரீஃபண்டை விண்ணப்பதாரர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் போடும். அதில் ஏஜென்ட் கை வைக்க முடியாது. வரியைத் திரும்பப் பெறுவது தனி வேலை. ஜப்பானை விட்டு வந்தவர் சார்பில் அங்கே வசிக்கும் ஒருவர் வரிப் பிரதிநிதியாக இருந்து அங்குள்ள வரி அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பிரதிநிதியை ஜப்பானிய மொழியில் நோசெய் கன்ரினின் என்பார்கள். வரிப் பணம் அவருடைய ஜப்பான் கணக்குக்கே போகும். புரியாமல் கையெழுத்துப் போட்ட அந்த ஜப்பானியத் தாள்களில் ஒன்று இந்த நியமனம்தான்.

இதற்கு ஏஜென்ட்டே தேவையில்லை. அங்கே இன்னும் வேலையில் இருக்கும் நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவர் போதும். கிளம்பும் முன்பே அவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் படிவத்தை, கடைசியாகக் குடியிருந்த பகுதியின் வரி அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். ஊருக்கு வந்த பிறகும் அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு வரிக் கணக்கு எழுதித் தர அங்கே செய்ரிஷி என்ற உரிமம் பெற்ற வரிக் கணக்காளருக்கு மட்டுமே அனுமதி. ஏஜென்ட் 'எங்க டோக்கியோ ஆள்' என்று சொன்னால் அவர் செய்ரிஷியா என்று கேளுங்கள். பதில் வராது.

வரியில் எவ்வளவு திரும்பும்? இந்த ரீஃபண்டை ஓய்வுக்கால வருமானமாகக் கணக்கிடும்படி கேட்க வழி உண்டு. அதற்கான கழிவு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, வேலை பார்த்த வருடத்துக்கு 4,00,000 யென், குறைந்தபட்சம் 8,00,000 யென். ஓரிரு வருடத்தில் திரும்பியவர்களின் ரீஃபண்ட் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே பிடித்தது அத்தனையும் திரும்பும். தாக்கலுக்கு, பணம் போட்டபோது பென்ஷன் அலுவலகம் உங்கள் ஊர் முகவரிக்கு அனுப்பும் முடிவு அறிவிப்புக் கடிதம் வேண்டும். 'அந்த ஒரிஜினலை எங்களுக்குக் கொடுத்துடுங்க, ஃபைலுக்கு' என்று ஏஜென்ட் கேட்பது இதற்காகத்தான். கொடுக்காதீர்கள்.

இனி, பாதியில் வேலையை விடுகிறவர்கள் ஏஜென்ட் இல்லாமலேயே இழக்கும் பணம் ஒன்று உண்டு. ரீஃபண்ட் மாதக் கணக்கில் ஏறாது, ஆறு ஆறு மாதப் படியாகத்தான் ஏறும். ஆறு மாதத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. 6 முதல் 11 மாதம் வரை சராசரிச் சம்பளத்தில் 0.5 மடங்கு, 12 முதல் 17 வரை 1.1 மடங்கு, 18 முதல் 23 வரை 1.6, 24-ல் 2.2. இப்படியே 60 மாதத்தில் 5.5 மடங்கு வரை. அதே 2,80,000 யென் சம்பளத்துக்குப் பதினோராவது மாதத்தில் விட்டால் 1,40,000 யென். ஒரு மாதம் பொறுத்தால் 3,08,000.

அந்தப் பன்னிரண்டாவது மாதம் ஒரே நாளில் பறிபோவதும் உண்டு. சந்தா நிற்கும் தேதி, வேலையின் கடைசி நாளுக்கு மறுநாள். அது எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதம் கணக்கில் சேராது. மார்ச் 31 கடைசி நாள் என்றால் சந்தா நிற்பது ஏப்ரல் 1, மார்ச் சேரும். மார்ச் 30 என்று ராஜினாமாக் கடிதத்தில் எழுதினால் சந்தா நிற்பது மார்ச் 31, மார்ச் போயிற்று. ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அப்போது 11 மாதம்தான். அந்த மாதத்துச் சந்தாவில் பள்ளி நிர்வாகத்தின் பங்கும் மிச்சம் என்பதால் 'முப்பதாம் தேதியே போட்டுக்கோங்க, டிக்கெட்டுக்கு வசதி' என்று அலுவலகத்தில் சொன்னால், தலையாட்டிவிடாமல் கடைசித் தேதி என்று போட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தை முறித்தால் பென்ஷன் ரத்து என்று மிரட்டுவது பச்சைப் பொய். எதற்காக விட்டீர்கள் என்று பென்ஷன் அலுவலகம் கேட்பதில்லை. நிர்வாகம் கட்டிய பாதியையும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்பதும் பொய். மொத்தச் சந்தா 18.3 சதவீதம், உங்கள் பங்கு 9.15. திரும்புவது ஏறத்தாழ உங்கள் பங்கு மட்டுமே.

கிளம்பும்போது நகராட்சி அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். ஜப்பானில் முகவரி இருக்கும்வரை ரீஃபண்ட் கிடையாது. விமான நிலையப் படிவத்தில், திரும்பி வருவேன் என்று சொல்லும் மறுநுழைவுக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, வெளியேறும் அறிவிப்பும் கொடுக்காமல் வந்தால் விண்ணப்பம் தொங்கலில் நிற்கும். முகவரி நீங்கிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டியதை 'உள்ளே ஆள் இருக்கு, முடிச்சிடலாம்' என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அனுப்ப வேண்டியவை கொஞ்சம்தான்: ஆங்கிலத்திலும் கிடைக்கும் இலவச விண்ணப்பப் படிவம், பத்து இலக்கப் பென்ஷன் எண், பாஸ்போர்ட் நகல், வங்கிச் சான்று. மதுரைத் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து பதிவுள்ள வெளிநாட்டுத் தபாலில் டோக்கியோவுக்கு அனுப்பலாம். பணம் வரச் சில மாதம் ஆகும். தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியர்களின் பென்ஷன் சந்தா தனியொரு பரஸ்பர உதவி அமைப்புக்குப் போகும். அவர்கள் விண்ணப்பத்தை அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் யார் பெயரில் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்மூர்க்காரர்களுக்கு இடிக்கும் இடம் பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஒன்றில் முத்துலட்சுமி சுப்பிரமணியன், இன்னொன்றில் எஸ். முத்துலட்சுமி. அங்கே இருக்கிறவருக்கு இது இரண்டு ஆள். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைக் காட்டி வங்கிக் கணக்கின் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். ஐஎஃப்எஸ்சி எண் ஜப்பானிலிருந்து வரும் பணத்துக்கு உதவாது, ஸ்விஃப்ட் எண் வேண்டும். சின்ன ஊர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் எண் கிடையாது. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் எண்ணை மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் படிவத்தில் முத்திரை குத்த மாட்டோம் என்று கிளையில் சொன்னால் சண்டை போட வேண்டாம். கணக்கு எண், பெயர், கிளை முகவரி ஆங்கிலத்தில் உள்ள வங்கிக் கடிதம் ஒன்று போதும்.

விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டியது ஒன்று: இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. இரு நாட்டுப் பென்ஷன் காலத்தையும் சேர்த்துத் தகுதி பார்க்கலாம். ரீஃபண்ட் வாங்கிவிட்டால் அந்த ஜப்பான் மாதங்கள் அழிந்துவிடும். ஓரிரு வருடம் இருந்தவர்களுக்கு ரீஃபண்டே மேல். எட்டொன்பது வருடம் இருந்தவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், போட்ட தாள்களின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். காசோலை கொடுத்திருந்தால் வங்கியில் பணம் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் நியாயமாகத் தர வேண்டிய கமிஷன் இருந்தால் வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வரிப் பணம் இன்னும் வாங்கப்படவில்லை என்றால் பழைய பிரதிநிதியை நீக்கும் படிவத்தையும் புதியவரை நியமிக்கும் படிவத்தையும் ஒரே உறையில் அந்த வரி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ரீஃபண்ட் வந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 5 வருடம் அவகாசம் இருக்கிறது.