என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: தேர்வு அருமை, அதற்குப் பிறகுதான் கவனம் தேவை

அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்பிலேயே கைகொடுக்கிற மத்திய அரசுத் திட்டம் என்.எம்.எம்.எஸ்., அதாவது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகை. 2008-ல் வந்தது. நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாடு அரசு நடத்தும் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் ஜெயித்தால் கிடைப்பது ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். கூலி வேலை செய்யும் வீட்டில், "பத்தாவதோடு போதும்" என்ற பேச்சையே தள்ளிப்போட வைக்கிற தொகை இந்த 12,000. ஆனால் 2017-ல் 6,000 ரூபாயை 12,000 ஆக்கியதோடு சரி, பிறகு உயர்த்தவில்லை. கட்டாயம் உயர்த்த வேண்டும்.

அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 50. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் பள்ளிகளுக்கு இடமில்லை.

தேர்வில் இரண்டு தாள். ஒவ்வொன்றும் 90 கேள்வி, 90 நிமிடம். மனத்திறன் தாளான மேட்தான் இந்தத் திட்டத்தின் உயிர். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. 7, 15, 31, 63, அடுத்து என்ன என்ற மாதிரிக் கேள்விகள் வரும். இரட்டித்து 1 கூட்டினாலும் 127, வித்தியாசம் 8, 16, 32 என்று பார்த்து 64-ஐக் கூட்டினாலும் 127. விடையை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் பயனில்லை. இரண்டு வழியையும் பிள்ளையே சொல்லும்வரை விட வேண்டும். கண்ணாடி பிம்பக் கேள்விக்கு ஒரு சின்னக் கண்ணாடியை நோட்டுப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் பத்து நிமிடத்தில் பிடிபடும். கைடு புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் குழம்புகிற பகுதி அது.

பாட அறிவைச் சோதிக்கும் இரண்டாவது தாளான சாட்டில் அறிவியல் 35 கேள்வி, சமூக அறிவியல் 35, கணிதம் 20. பல பள்ளிகளில் மாலை வகுப்பு முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். சமூக அறிவியலில் சுலபமாக எடுக்கக்கூடிய மார்க் அங்கேதான் போகிறது.

தவறான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. பெரிய ஆபத்து, விடைக்கான வட்டத்தை ஷேடு செய்யும் ஓ.எம்.ஆர். ஷீட்டில் இருக்கிறது. 34-வது கேள்வியைத் தள்ளிவைத்த பிள்ளை 35-ன் விடையை 34-க்கான வட்டத்தில் ஷேடு செய்துவிட்டால், அதற்குப் பின்னால் எல்லாமே ஒரு கட்டம் மாறிப்போகும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே உண்டாக்க வேண்டும். அதற்கு வெறும் வினாத்தாள் போதாது, ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால் தகுதி. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 32 சதவீதம். தகுதி வேறு, தேர்வாவது வேறு. இடங்கள் குறைவு என்பதால் 72-ஐக் குறியாக வைத்துப் பயிற்சி கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

தேர்வுவரை திட்டத்தைக் குறைசொல்ல அதிகமில்லை. பட்டியலில் பெயர் வந்தபிறகுதான் சிக்கல். பணம் தானாக வராது. தேசிய உதவித்தொகை போர்டலில் விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பள்ளி ஒருமுறையும் மாவட்டம் ஒருமுறையும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இதில் ஒரு கட்டம் தேங்கினாலும் அந்த ஆண்டுப் பணம் நின்றுவிடும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால், பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் என்பவைதான் அடிக்கடி தட்டுப்படும் கோளாறுகள். எட்டாம் வகுப்பு அரையாண்டுக்குள் இவற்றைச் சரிசெய்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

வங்கிக் கணக்கில் இன்னொரு பொறி. பணம் ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். பாஸ்புக் கையில் இருந்தும் "பணம் வரலை" என்று அலைகிற வீடுகள் முதலில் பார்க்க வேண்டியது இதை. வங்கியில் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) கொடுத்திருப்பதும் ஆதாரைப் பணம் பெறுவதற்காக இணைத்திருப்பதும் ஒன்றல்ல. கவுண்டரில் இரண்டாவதைத் தனியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

புதுப்பித்தல் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 55. பிளஸ் ஒன் சேரும்போது தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை அத்தோடு முடிந்தது. பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு டி.சி. வாங்க வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் இதைச் சொல்லியாக வேண்டும். புதிய பள்ளியில் சேர்ந்தவுடன் அங்குள்ள பொறுப்பாசிரியரிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, மாணவரின் பள்ளி விவரத்தைப் போர்டலில் மாற்றச் சொல்லுங்கள்.