பூட்டை எடுத்துவிட்டார்கள், பராமரிப்பு இன்னும் வரவில்லை: கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பூங்கா ஒன்றின் விமர்சனம்

பூங்கா திறந்துவிட்டது. காலை 5.30 முதல் 8 வரை, மாலை 4 முதல் 7 வரை. ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த பிறகு, குடியிருப்புக்காரர்கள் கேட்டின் முன்னால் உட்கார்ந்து குரல் கொடுத்த பிறகு கிடைத்த நேரம் இது. நடைப்பயிற்சிக்குத் தாராளமாகப் போகலாம். குழந்தைகளை ஊஞ்சலில் ஏற்ற வேண்டாம், பெரியவர்கள் உடற்பயிற்சிக் கருவிகளைத் தொட வேண்டாம். அவற்றைச் சரிசெய்யாமலே கேட்டைத் திறந்திருக்கிறார்கள்.

இடம் ஒரு ஏக்கர். மனைப்பிரிவு போடும்போது பொது ஒதுக்கீடாக விட்ட நிலம். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த 10 சதவீதத்தின் விலை, மனை வாங்கிய ஒவ்வொருவரும் கொடுத்த சதுர அடி விலைக்குள் ஏறியிருக்கிறது. அதனால்தான் "நிதி இல்லை, மூடியிருக்கிறோம்" என்ற உள்ளாட்சியின் பதிலைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் கோபம் வந்தது. "எங்க காசுல வாங்குன எடத்துக்கு நீங்க பூட்டுப் போடுவீங்களா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். வந்திருந்த அலுவலரிடம் அதற்குப் பதில் இல்லை.

நடைபாதையில் பெரிய குறை இல்லை. ஒரு சுற்று 220 மீட்டர். நாலரைச் சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர். 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் போட்டிருக்கிறார்கள், நடப்பதற்கு அது போதும். தென்கிழக்கு மூலையில் மட்டும் ஓரக்கல் பெயர்ந்து, ஏழெட்டு பிளாக்குகள் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. பேவர் பிளாக்கைப் பிடித்து நிறுத்துவது ஓரக்கல்லும் இடுக்கில் இறங்கிய மணலும்தான். ஓரக்கல் ஒன்று போனால் அடுத்த மழைக்கு அடிமணல் கரையும், வரிசையாக ஆடத் தொடங்கும். இன்றைக்கு ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. விட்டுவைத்தால் பாதையில் கால்வாசியைப் பிரித்துப் போட வேண்டிவரும். கிரானைட் பெஞ்சுகள் மட்டும் போட்டது போட்டபடி இருக்கின்றன. கல்லுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இரும்பு பெஞ்சைத் தவிர்த்தது நல்ல முடிவு.

ஊஞ்சலுக்கு வருவோம். நான்கில் இரண்டுக்கு, சங்கிலியை மேலே மாட்டும் எஸ் கொக்கி தேய்ந்து வாய் திறந்திருக்கிறது. கொக்கியின் இடைவெளியில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தாலே அந்த ஊஞ்சலை நிறுத்திவிட வேண்டும். சங்கிலி நழுவலாம், துப்பட்டாவோ சட்டைக் கயிறோ மாட்டிக்கொள்ளலாம். இங்கே சுண்டுவிரல் நுழைகிறது. கொக்கியைச் சுத்தியால் தட்டி மூடுவது தீர்வாகாது. வளைந்து நிமிர்ந்த இரும்பு அதே இடத்தில் முறியும். புதுக் கொக்கி மாட்டி, வாயை முழுக்க நெருக்கி மூட வேண்டும்.

ஊஞ்சலுக்குக் கீழே குறைந்தது ஒரு அடி ஆழத்துக்கு உதிரி மணல் இருக்க வேண்டும். இப்போது கால் உரசி உரசிக் குழி விழுந்து கட்டாந்தரை தெரிகிறது. கொட்டியது எம்-சாண்ட். அதில் தூள் அதிகம், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் தளம் போட்டது போல இறுகிவிடும். விழுகிற குழந்தைக்கு அது மணல் இல்லை, தரை. தூள் போகக் கழுவிச் சலித்த மணலைக் கொட்டி, மாதம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். ஃபைபர் சறுக்குமரத்தின் நடுவில் குறுக்கே ஒரு விரிசல். அதில் கண்ணாடி இழை ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. ஏறுபடியின் கைப்பிடியில் ஒரு கம்பி போய்விட்டதால் இடைவெளி ஒரு சாண் அளவுக்கு ஆகியிருக்கிறது. 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள சந்துதான் ஆபத்தானது. உடம்பு நுழையும், தலை சிக்கிக்கொள்ளும்.

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் ஆறு இருக்கின்றன. எல்லாரும் முதலில் ஏறுவது ஏர் வாக்கரில். நின்றபடி இரண்டு காலையும் முன்னும் பின்னும் வீசும் கருவி அது. வலது பெடலை ஆட்டினால் கரகரவென்று சத்தம் வருகிறது. மேலே தண்டு சுழலும் இடத்தில் பக்கவாட்டு மூடி இல்லை. பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து விழுந்துவிட்டது, அந்த வழியாக மழைத் தண்ணீர் பேரிங்குக்குள் போயிருக்கிறது. நாள்தோறும் ஓடுகிற பேரிங்கில் கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். ஒன்பது மாதம் அசையாமல் நின்றதில் கிரீஸ் ஒரு பக்கம் இறங்கிக் காய்ந்து, மறுபக்கம் குண்டுகளில் துரு ஏறிவிட்டது. பூட்டி வைத்ததால் கருவி தேயவில்லை என்று சொல்வதில் உண்மை இல்லை. பூட்டி வைத்ததால்தான் கெட்டது.

அதைவிட முக்கியம், பெடல் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டை இல்லாதது. அது இல்லாவிட்டால் காலை வீசும்போது பெடல் எல்லை தாண்டும், இடுப்பு வெட்டிக்கொள்ளும். அறுபது வயதுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கருவியின் அடித்தகட்டையும் குனிந்து பாருங்கள். தகடும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் மண் மூடித் தண்ணீர் தேங்கியிருந்தால் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கும். சாவியால் தட்டிப் பார்த்தால் நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், அரித்த குழாய் மொத்தென்று கேட்கும். இங்கே ஆறில் இரண்டு மொத்தென்று கேட்கின்றன.

புல்தரை போய்விட்டது. 25 சென்ட் பரப்புக்குக் கொரியன் புல் போட்டிருந்தார்கள். இப்போது பாதி இடத்தில் பார்த்தீனியம். தோல் அரிப்போ மூச்சிரைப்போ இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும், பூத்த பிறகு வெட்டினால் விதை உதிர்ந்து நாலு மடங்காக முளைக்கும். புல் இப்படி ஆகும் என்பது போடும்போதே தெரிந்ததுதான். 25 சென்ட் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 5,000 லிட்டர், அதாவது தினமும் ஒரு டேங்கர் தண்ணீர். பாறைக்கு அடியில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீர் எடுக்கும் ஊரில் இது தாங்காது. புல்லை 5 சென்டோடு நிறுத்தி, மீதியில் புங்கனும் வேம்பும் நாவலும் மகிழமும் வைத்திருந்தால் முதல் மூன்று கோடை மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஓரத்தில் இருக்கும் நான்கு புங்க மரங்கள் ஒன்பது மாதமும் ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் நின்றிருக்கின்றன.

மோட்டார் ஓடவில்லை. நீர்மூழ்கி மோட்டாரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் மணலும் உப்பும் படிந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டால் சுழலாமல் மின்சாரத்தை மட்டும் இழுத்து, சுருள் கருகும். இங்கே நடந்ததும் அதுதான். வாரம் ஒரு நாள், பத்தே நிமிடம் ஓட்டியிருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆள் இல்லை என்று சொல்லி, இப்போது குழாய் முழுவதையும் மேலே தூக்கி மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கழிப்பறை பூட்டியிருக்கிறது. குடிநீர்த் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வரும்படி குழாய் போட்டிருக்கிறார்கள், மோட்டார் சரியானாலும் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்ததே நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை ஏறும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பூங்காத் தொட்டிக்கு ஒகேனக்கல் இணைப்பு ஒன்று கொடுப்பது பெரிய வேலை இல்லை.

இனி பணம். இந்தப் பூங்காவை ஓட்ட எவ்வளவு மின்சாரம் ஆகும்? 30 வாட் விளக்கு இருபது, தினம் ஐந்து மணி நேரம்: 3 யூனிட். 5 ஹெச்பி மோட்டார் இரண்டு மணி நேரம்: ஏறக்குறைய 7.5 யூனிட். மாதத்துக்கு 320 யூனிட் கூட வராது. கொக்கி, பேரிங், மணல் எல்லாம் ஆண்டுக்கொரு முறை வரும் சில்லறைச் செலவு. பெரிய செலவு ஆள் சம்பளம்தான்: ஒரு தோட்டக்காரர், இரண்டு காவலர். சிக்கலும் அங்கேதான். பூங்கா கட்டத் திட்ட நிதி கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். ஆனால் மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 2021-26 மானியத்தில், உள்ளாட்சி தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பகுதியைக்கூடச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்று விதித்திருந்தார்கள். காவலருக்கான கூலி சொத்து வரி போன்ற சொந்த வருவாயில் இருந்துதான் வர வேண்டும். வரவு செலவில் இறுக்கம் வந்ததும் முதலில் கத்தி விழுவது அந்தத் தலைப்பின் மேல். சாலையை வெட்டினால் மறுநாளே தெரியும், தோட்டக்காரரை நிறுத்தினால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

"நிதி இல்லை" என்று சொன்னால் கணக்கைக் கேட்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், 2.2 கோடி டாலர் வெட்டு என்று சொல்லி, 278 மாநிலப் பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தது. மக்கள் கொதித்தார்கள். ஊர்க்குழுக்கள் வீடு வீடாக நன்கொடை திரட்டின. 2012 ஜூலையில் பார்த்தால், அதே பூங்காத் துறையின் இரண்டு கணக்குகளில் 5.4 கோடி டாலர் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறது. துறையின் இயக்குநர் ரூத் கோல்மன் பதவி விலகினார். நம் ஊரில் அப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே வாதம் அல்ல. கணக்கைப் பார்க்காமல் பூட்டை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

எல்லா மூடலும் தவறும் இல்லை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்துகிறது. அதை நாம் ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்ற எண் அன்றன்றைக்குத் தெரிகிறது. அது இறங்கினால் திறப்பார்கள் என்றும் தெரிகிறது. இந்தப் பூங்காவின் கேட்டில் தொங்கிய அட்டையில் காரணமும் இல்லை, தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

உங்கள் தெருப் பூங்காவுக்கும் இதே நிலை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உள்ளாட்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். "ஏன் மூடினீர்கள்" என்று எழுதினால் பதில் வராது; ஆவணத்தைக் கேளுங்கள். மூன்று நிதியாண்டுகளில் இந்தப் பூங்காவின் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், அதில் எத்தனை ஆட்கள் என்ற விவரம், மூடுவதற்கு மன்றம் போட்ட தீர்மானம், தானப் பத்திர எண், சர்வே எண். தீர்மானம் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்கள் கையில் பெரிய ஆதாரம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி வைத்திருக்க வேண்டிய பட்டியலில் உங்கள் பூங்கா இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம். முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்தால் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைத் தொடர முடியாது. வரவு செலவுக் கூட்டத்துக்கு முன்பே வார்டு உறுப்பினரிடம் போய், பூங்காப் பராமரிப்பைத் தனித் தலைப்பாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பொதுச் செலவில் சேர்த்து வைத்தால் வெட்டியது யாருக்கும் தெரியாது.

இந்தப் பூங்காவுக்கு இப்போதைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள். மாலையில் கிழக்கு வேலிப் பக்கம் மூன்று விளக்குகள் எரிவதில்லை, ஆறரைக்கு மேல் மேற்குப் பாதையிலேயே நடங்கள். வேலியோரப் புதர் இன்னும் வெட்டவில்லை, பந்து உள்ளே போனால் பிள்ளைகளை அனுப்பாமல் பெரியவர்கள் ஒரு கம்போடு போய் எடுங்கள்.