பெட்ரோலியம் சீட்டுக்கு 91 சதவீதம் வாய்ப்பாம்! 47,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி வரை பணம் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டுக்கு வழிகாட்டுகிறோம் என்று பணம் வாங்கியவர்கள் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. மொத்தம் 47,500 ரூபாய். அதுவும் என் பணம் இல்லை, அக்காவின் பணம்.

எங்களுக்குக் குத்தாலம் பக்கம். ஓஎன்ஜிசி கிணறுகள் இருக்கிற ஊர். அத்தான் குவைத்தில் எண்ணெய்க் கிணற்று ரிக்கில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார், ஆபீஸராக இல்லை, தளத்தில் கிரீஸும் சேறுமாக நிற்கிற ஆள். அதனாலேயே அக்கா மகனுக்கு பெட்ரோலியம் இன்ஜினியரிங் மேல் பைத்தியம். நன்றாகப் படிக்கிற பையன், ஐஐடிக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறினான். பொது ரேங்க் இருபத்தாறாயிரத்துச் சொச்சம், ஓபிசி ரேங்க் ஏழாயிரத்துச் சொச்சம். இந்த இரண்டு எண்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் ஏமாற்றியது இதை வைத்துத்தான்.

எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று கணித்துச் சொல்கிற ஆப் ஒன்று. திருச்சியில் மாடியில் ஆபீஸும் உண்டு. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் மாலை போட்ட பையன்களின் போட்டோ. அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். இத்தனைக்கும் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி தூங்காதவன்!

முதலில் அறிக்கைக்கு மட்டும் 2,500 ரூபாய். ஒரு இளைஞர் லேப்டாப்பில் ரேங்க்கைத் தட்டினார். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிப் பச்சையாகி நின்றது. தன்பாத் ஐஐடி ஐஎஸ்எம், பெட்ரோலியம், 91 சதவீதம். "1926ல ஆரம்பிச்ச காலேஜ் சார், இந்தப் படிப்புக்கு அதை விட்டா வேற பேரே கிடையாது" என்றார். அது பொய்யும் இல்லை. எரிச்சலே அதில்தான், பாதி உண்மையோடு கலந்து கொடுக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்து அத்தானுக்கு வீடியோ கால் போட்டோம். அந்த இளைஞர் போனை வாங்கி, "சார், நாளைக்கு உங்க ரிக்குக்கே உங்க பையன் இன்ஜினியரா வருவான்" என்றார். அத்தான் ஒன்றும் பேசவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது 45,000 ரூபாய் பேக்கேஜ்: விருப்பப் பட்டியல் போட்டுத் தருவார்கள், சீட் கிடைக்கும்வரை கூட நிற்பார்கள், கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ். நான் ஜிபே திறந்தபோது அவரே கையை நீட்டித் தடுத்தார். "இன்னிக்கு வேண்டாம் சார். வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு நாளைக்கு அனுப்புங்க."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பணம் வேண்டாம் என்று சொல்கிறவன் திருடனாக இருக்க மாட்டான் என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டேன். ஆக 47,500.

ஐஐடி, என்ஐடி சீட்டுகளை ஒதுக்குகிற கலந்தாய்வான ஜோசாவில் பையனுக்காக அவர்கள் போட்ட விருப்பங்கள் மொத்தம் ஒன்பது. எத்தனை வேண்டுமானாலும் போடலாமாம், அது எனக்கு அப்போது தெரியாது. முதல் மாதிரி ஒதுக்கீட்டில் ஒன்றும் வரவில்லை. "மாக்தானே சார், டென்ஷன் ஆகாதீங்க." இரண்டாவதிலும் இல்லை. "நிஜ ரவுண்டுல தானா ஏறும்." பட்டியலைப் பூட்டியபின் புது விருப்பம் சேர்க்க முடியாது. அதை ஒருவரும் சொல்லவில்லை. முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது, கடைசி வரை ஒன்றுமில்லை. ஜேஇஇ மெயின் ரேங்க்குக்கு ஏதாவது ஒரு என்ஐடியில் ஏதாவது ஒரு பிரிவு வந்திருக்கும், அதையெல்லாம் போடவே இல்லை. விசாகப்பட்டினத்தில் பெட்ரோலியத்துக்கென்றே ஐஐபிஇ என்ற மத்திய அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அதற்கு ஜோசா வழியாகப் போக முடியாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கேட்டதற்கு, "அது எங்க பேக்கேஜ்ல வராது சார்."

பையன்தான் கண்டுபிடித்தான். ஜோசா தளத்தில் முந்தைய வருடங்களின் தொடக்க, முடிவு ரேங்க்குகள், அதாவது ஒவ்வொரு சீட்டும் கிடைத்த முதல் ஆள், கடைசி ஆளின் ரேங்க், எல்லாமே இலவசமாகக் கிடக்கின்றன. பொதுப் பிரிவு வரிசையில் இருப்பது பொது ரேங்க். ஓபிசி வரிசையில் இருப்பது ஓபிசிக்குள்ளான ரேங்க். இவர்கள் ஓபிசி ரேங்க்கான ஏழாயிரத்தை எடுத்துப் பொது வரிசையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்! அங்கே முடிவு ரேங்க் ஐந்து இலக்கம், அதனால் வட்டம் பச்சையாகாமல் என்ன செய்யும்? சரியான வரிசையில் வைத்துப் பார்த்தால் முந்தைய வருடங்கள் எதிலும் இவனுக்கு அந்த சீட் வந்திருக்காது. பத்து நிமிட வேலை. ஒரு தலைப்பைப் படிக்காமல் விட்டது நான், கணக்கு எழுதுகிறவன். சொல்லவே கூசுகிறது.

கிளம்பித் திருச்சிக்குப் போனேன். அந்த இளைஞர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வேறொரு பெண் வந்து டீ கொடுத்தார், புகாரைப் பதிவு செய்தாயிற்று, ஏழு வேலை நாளில் வரும் என்றார். ஏழு பதினாலு ஆனது. அடுத்த தடவை போனால் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார், இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவைதான் ரசீதைக் காட்டினார்கள். அதில் 'வழிகாட்டல் கட்டணம், திரும்பத் தரப்படாது' என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாபஸ் என்ற வார்த்தை எங்குமே இல்லை. அது அந்த இளைஞர் வாயில் மட்டும்தான் இருந்தது.

அதோடும் விடவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் பெட்ரோகெமிக்கல் சீட் இருக்கிறது, மேற்கொண்டு மூன்று லட்சம் கட்டினால் போதும், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். போனில் கேட்டுக்கொண்டிருந்த அத்தானுக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது. "கிணத்துல நிக்கிறதும் ஆலையில நிக்கிறதும் ஒண்ணாடா?" எண்ணெயைத் தரைக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவருவது ஒரு படிப்பு. வந்த எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிளாஸ்டிக், ரசாயனம் என்று செய்வது இன்னொரு படிப்பு. அவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர், அவருக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். அவருடைய ரிக்கில் இருக்கிற இன்ஜினியர்களில் பலர் மெக்கானிக்கல் படித்தவர்களாம். ஓஎன்ஜிசியே கிணறு தோண்டும் பிரிவுக்கு மெக்கானிக்கல் ஆட்களை எடுக்கிறது, உற்பத்திப் பிரிவுக்கு கெமிக்கல் ஆட்களையும் எடுக்கிறது. முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் அந்த ஒரே சீட்டின் பின்னால் ஓடியிருக்க மாட்டோம். விலை இறங்கினால் இந்தத் தொழிலில் வேலை போகும் என்பதும் அந்த 91 சதவீதத்தில் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன வருடம், அத்தான் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சதவீதம் காட்டினால் எந்த வருடம், எந்த வரிசை, எந்த ரேங்க் என்று கேளுங்கள். வாபஸ் என்றால் எழுதி வாங்குங்கள். விருப்பப் பட்டியலை நீங்களே போடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வான டிஎன்இஏவுக்குக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று அவர்கள் சிரித்தார்கள். அக்கா முன்னாடியே 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் பையனுக்கு இந்த வருடம் மிஞ்சியது.

இப்போது திண்ணையில் உட்கார்ந்து, கல்லூரிவாரியாகப் பழைய கட்ஆஃபை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்து நம்பர் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடி திருச்சிக்குப் போகிறேன். 47,500 ரூபாய்.