4 வருடம், 43 மினிகள், ஒரு பிஸ்கட் டப்பா

கடந்த 4 வருடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரே கதைச் சாகசத்தை மூன்று குழுக்களுக்கு நடத்தியிருக்கிறேன். முதலில் என் தங்கையும் அவள் கல்லூரித் தோழிகளும், அப்புறம் அலுவலக நண்பர்கள், இப்போது எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள். சாகசத்தின் பெயர் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்'. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் இருப்பது. அந்தப் பெட்டியில் 64 பக்கச் சாகசப் புத்தகம், 32 பக்க விதிப் புத்தகம், தயாராக எழுதிவைத்த 5 கதாபாத்திரத் தாள்கள், 6 பகடைகள் இருக்கும். மினி, அதாவது கதாபாத்திரத்துக்காக மேசையில் வைக்கும் குட்டி உருவம், ஒன்றுகூட இருக்காது. மேசைமேல் நிற்க வேண்டிய ஒவ்வோர் ஆளையும் மிருகத்தையும் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்தான் (டி.எம்.) தேடிக்கொள்ள வேண்டும். அப்படித் தேடியதில் எது நிலைத்தது, எது வீணானது என்று எழுதுகிறேன். நடுவில் எங்கே எந்த மிருகம் வரும் என்பதும் வந்துவிடும். இந்தச் சாகசத்தை இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதல் சில வாரம் கேரம் காயின்தான். வெள்ளை கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள், கறுப்பு ஓநாய், சிவப்பு அவர்களுடைய தலைவனான பக்பேர் என்ற முரட்டு அரக்கன். காசு செலவில்லை, ஆனால் அளவு ஒத்துவரவில்லை. இந்த விளையாட்டில் கதையின் 5 அடிக்கு மேசையில் ஒரு கட்டம், கட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கேரம் காயின் 30 மி.மீ.க்கு மேல் இருக்கும். ஒடுங்கிய குகை வழியில் நாலு காயினை வரிசையாக வைத்தால் ஐந்தாவது கட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். யார் கைக்கு யார் எட்டுவார், யார் நழுவி ஓட முடியும் என்பதை வைத்துத்தானே சண்டையே நடக்கிறது? கட்டம் குழம்பினால் எல்லாம் வாக்குவாதமாகிவிடும். பழைய எஃகு ஒரு ரூபாய் நாணயம் 25 மி.மீ. விட்டம். புதிதாக எந்த மினி வாங்கினாலும் அந்த நாணயத்தை அதன் பேஸுக்கு (அது நிற்கும் வட்டத் தட்டுக்கு) அடியில் பிடித்துப் பார்ப்பது எனக்கு இன்றுவரை பழக்கம்.

அடுத்து எட்டு கோப்ளின்கள் வாங்கினேன். எட்டும் ஒரே வார்ப்பு, ஒரே மாதிரி நிற்பவை. சாகசம் தொடங்குவதே காட்டுப் பாதையில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகளும், புதரில் பதுங்கியிருக்கும் நாலு கோப்ளின்களுமாகத்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஆசையாகப் பச்சை பூசி, மறுநாள் நாலையும் மேசையில் வைத்தேன். இரண்டாவது சுற்றிலேயே தங்கை கேட்டாள்: "அண்ணா, நான் அம்பு விட்ட கோப்ளின் இதா, அதா?" எனக்கும் தெரியவில்லை. என் தாளில் 'கோப்ளின் 2' என்று எழுதியிருந்தது. மேசையில் இரண்டாவது எது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

அன்று மாலையே எட்டு பேஸின் விளிம்புக்கும் எட்டு நிறம் பூசினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று போகும். அடிபட்டு உயிர்ப்புள்ளி குறைந்தால் என் தாளிலும் 'மஞ்சள்: 3 போச்சு' என்று எழுதிக்கொள்கிறேன். இந்த 4 வருடத்தில் செய்ததிலேயே இதுதான் எனக்கு அதிகம் உதவியது, செலவு ஒரு தூரிகை அளவு பெயிண்ட். "சிவப்பனை நான் பார்த்துக்கிறேன், நீ மஞ்சளை விடாதே" என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால், அந்தக் கோப்ளின்களுக்குப் பெயரே வந்துவிட்டது போல இருக்கும். மயங்கி விழுந்தவர், மந்திரத்தில் கட்டுண்டவர் என்று காட்டத் தண்ணீர் பாட்டில் மூடிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் போதும். மினியின் தலைவழியே போட்டால் தோளில் உட்காரும்.

கதாநாயகர்கள் விஷயம் வேறு. என் கருத்தில் காசையும் நேரத்தையும் கொட்ட வேண்டிய இடம் இதுதான். ஓர் அரக்கன் மேசைக்கு ஒரு மணி நேரம் வந்துபோவான். ஆட்டக்காரரின் ஆள் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நிற்கும். பெட்டியில் வரும் ஐந்து பேரில் குள்ளர் குருவுக்குச் சுத்தியலும் கேடயமும் தேவை. அதுவும் எல்ஃப் மந்திரவாதியும் எளிதாகக் கிடைக்கும். ஹாஃப்லிங் என்ற குட்டை இனத்துத் திருடிக்குத்தான் அலைந்தேன். தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "என் ஆளு கத்தியைத் தூக்கிட்டு போஸ் கொடுக்கக் கூடாதுண்ணா. யாரும் பார்க்காதப்ப நிக்கிற மாதிரி இருக்கணும்." நான் காட்டியதில் முக்கால்வாசி கத்தியை வானத்துக்குத் தூக்கி நின்றன. கடைசியில் மினியை நாமே வடிவமைக்கும் ஹீரோ ஃபோர்ஜ் இணையதளத்தில் அவளே உட்கார்ந்து உருவாக்கினாள். முக்காடு, ஒரு கை முதுகுக்குப் பின்னால், எடை முழுக்க ஒரு காலில். அச்சிடும் கோப்பை மட்டும் வாங்கி, ரெசின் (ஒளியில் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பரிடம் அடித்துக்கொண்டோம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கட்டணமும் சுங்கவரியும் மிச்சம். அந்த மினி கைக்கு வந்த பிறகு அவள் ஆடிய விதமே மாறியது. அறைக்குள் நுழையும்போதெல்லாம் அதைச் சுவரோரமாக நகர்த்திவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள்.

விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் நோல்ஸூர்ஸ் வரிசையில் நாயகர் பாக்கெட்டுகள் பலவற்றில் இரண்டு உருவம் வரும். ஒன்று புதிதாகக் கிளம்பிய ஆள், மற்றது கொஞ்சம் அடிபட்டுத் தேறிய ஆள். எங்கள் சாகசத்தில் நாயகர்களின் வலிமை நிலை 1-இல் தொடங்கி 5-ஐத் தொடும். நிலை 4 வந்த அன்று பழையதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தேன். அலுவலக நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றுக்குப் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு) அடித்தே வருவதால் நேரே பெயிண்ட் எடுக்கலாம். சென்னையில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

ஏனென்றால் இங்கே ஸ்ப்ரே பிரைமர் ஒரு தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் நின்று அடித்தீர்கள் என்றால் காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு மணல் தூவினாற்போல் சொரசொரவென்று ஆகிவிடும், முகத்தின் நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். அதிலும் மென் பிளாஸ்டிக் மினிகளுக்குச் சில ஸ்ப்ரேக்கள் ஒத்துக்கொள்வதில்லை. கடையில் கிடைத்த ஒன்றை ஓர் ஓநாய்மேல் அடித்தேன். மூன்று வாரம் கழித்துத் தொட்டாலும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இப்போது மினி எதுவானாலும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, தூரிகையால்தான் பிரைமர் பூசுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் ஒன்றும் கெட்டதில்லை.

எந்தப் பொருளில் வாங்குவது என்பதில் என் எண்ணம் இந்த 4 வருடத்தில் தலைகீழாக மாறிவிட்டது. ஆரம்பத்தில் ரெசின் மேல் பைத்தியமாக இருந்தேன். கண் இமை தெரியும், கச்சையில் தையல் தெரியும். ஆனால் ரெசின் உடையும். எங்கள் வீட்டு மொசைக் தரையில் மேசை உயரத்திலிருந்து விழுந்த ஓர் எலும்புக்கூட்டு வீரனின் ஈட்டி மூன்று துண்டானது. இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதே உயரத்திலிருந்து மென் பிளாஸ்டிக் மினி விழுந்தால் துள்ளி உருளும், அவ்வளவுதான். அதன் குறை வளைவது. வாள் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி வளைந்து வரும். நல்ல கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் வைத்தால் நிமிரும். மெல்லிய வாள்கள் சில மாதத்தில் மறுபடி வளையத் தொடங்கும், மறுபடி வெந்நீர்தான். 2012-இல் ரீப்பர் நிறுவனம் தன் போன்ஸ் பிளாஸ்டிக் வரிசைக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 34 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. உலோகத்தில் மட்டுமே கிடைத்த பல உருவங்கள் அப்படித்தான் மலிவான பிளாஸ்டிக்கில் வந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்க அதுபோன்ற மென் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன். நாயகர்களுக்கு மட்டும் ரெசின். வீட்டிலேயே ரெசின் அச்சிடுகிறவர்கள் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் முழுக்க இறுகும்வரை அது தோலுக்குக் கெடுதல். அந்தக் கட்டத்தில் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடக் கூடாது.

பெட்டியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் பெயிண்ட் பூசிய மினிகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட சாகசத்துக்கு ஆள் சேர்க்கிறவருக்கு அவை உதவாது. நான் மூன்று பெட்டி வாங்கினேன். எங்கள் கதையில் கால் வைக்கும் உருவம் அவற்றில் ஒன்றே ஒன்றுதான்.

டிராகனில் செய்த தவறு மனசில் நிற்கிறது. தண்டர்ட்ரீ என்ற பாழடைந்த ஊரில், ஒரு கோபுரத்தில் பச்சை டிராகன் ஒன்று குடியிருக்கும். அது இளம் டிராகன். விதிப்படி 'லார்ஜ்', இரண்டு கட்டத்துக்கு இரண்டு கட்டம், அதாவது 2 அங்குல பேஸ். நான் வாங்கியது 3 அங்குலத்தில் நின்ற, இறக்கை விரித்த ஒரு பெரிய மிருகம். படத்தில் பார்த்ததும் கை தானாக அமுக்கிவிட்டது. இரண்டு வாரம் பூசினேன். அதைக் கோபுரத்துக்குள் வைத்ததும் இறக்கைகள் நான் வரைந்த சுவர்களைத் தாண்டி வெளியே நின்றன. அதைவிட மோசம், ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்த விதம். 3 அங்குலம் என்றால் முழுதாக வளர்ந்த டிராகன் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி, "இதோட பேச்சே கிடையாது, ஓடுங்க" என்றாள். ஐந்து பேரும் ஊரைவிட்டே ஓடினார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பேரம், மிரட்டல், சூழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் சரியாகத்தான் ஆடினார்கள். நான் வைத்த மினிதான் அவர்களிடம் தவறான தகவலைச் சொன்னது. மினியின் உயரம், பேஸ், கையில் இருக்கும் ஆயுதம் எல்லாவற்றையும் ஆட்டக்காரர்கள் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கையில் வில் இல்லாத கோப்ளின் அம்பு விட்டால் அது அவர்களுக்கு அநியாயம்.

இதனால் எல்லாவற்றையும் மினிக் கடையிலேயே வாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். சாகசத்தில் வரும் கிராக்மா கோட்டையில் ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக ஓர் அவுல்பேர் வரும். அந்த மிருகமே பொம்மைக் கடையில் பிறந்ததுதான். இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளை மேசையில் வைத்து ஆடியிருக்கிறார். அவுல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், புலெட் என்ற மூன்று மிருகங்களும் அந்தப் பொம்மைப் பாக்கெட்டின் பிள்ளைகள். இது தெரிந்த பிறகு எனக்குக் கை துணிந்தது. தீவுத்திடல் பொருட்காட்சியில் வாங்கிய ரப்பர் சிலந்திகள்தான் எங்கள் ராட்சதச் சிலந்திகள். கால்களைக் கொஞ்சம் வெட்டி 2 அங்குல வட்ட அட்டையில் ஒட்டி, கறுப்புமேல் சாம்பலை உலர் தூரிகையால் தேய்த்தால் யாரும் ரப்பர் என்று சொல்ல மாட்டார்கள்.

சாகசத்தில் வரும் ஓக்கர் ஜெல்லி இதைவிட எளிது. மஞ்சள் கூழாக ஊர்ந்து வரும் உயிர் அது. வாளால் வெட்டினாலோ மின்னல் பாய்ச்சினாலோ இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் ஓர் அளவு சிறியதாகும். அதனால் ஒன்று வாங்கிப் பயனில்லை. ஹாட் குளூ துப்பாக்கியால் பிளாஸ்டிக் தாள்மேல் 2 அங்குலத்தில் ஒரு குவியல், ஓர் அங்குலத்தில் ஆறு குவியல் விட்டு, ஆறியதும் உரித்து, நீர்க்கக் கரைத்த மஞ்சள் பூசினேன். விளக்கு வெளிச்சம் உள்ளே புகுந்து ஈரமாகவே தெரியும். பெரியதை எடுத்துவிட்டு இரண்டு சின்னதை வைத்தபோது மேசையைச் சுற்றி ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், எத்தனை காசு கொடுத்து வாங்கிய மினிக்கும் அது கிடைத்ததில்லை.

பெயிண்ட் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. மூன்று அடி தூரத்திலிருந்து பாருங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு யார் எவர் என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு நாயகருக்கும் ஒரே ஒரு பளிச்சென்ற நிறம், மற்றதெல்லாம் மங்கல். கடைசியில் கரும்பழுப்பை நீர்க்கக் கரைத்து மேலே விட்டால் மடிப்புகளில் போய்த் தங்கி நிழலாகும். மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம். வார்னிஷ் போடாத குள்ளர் குருவின் தலைக்கவசத்தில், விரல் படும் இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்துவிட்டது.

சேமிக்க நான் பயன்படுத்துவது தகர பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு பேஸுக்கும் அடியில் ஒரு சின்ன நியோடிமியம் காந்தம் ஒட்டினால் டப்பாவின் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அடையாறுவரை போனாலும் ஒன்றோடொன்று உரசாது. அதில் அடுக்கிய 43 மினிகளில் 31 மினிகள் மூன்று குழுக்களுக்கும் உழைத்தவை. எட்டு கோப்ளின், ஓநாய்கள், எலும்புக்கூடுகள், சிலந்திகள் எல்லாம் அதில் அடக்கம்.

வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் இந்த டப்பாவை விடாதீர்கள். பிளாஸ்டிக் மினிகள் கணுக்காலில் மடங்கிப் படுத்துவிடும்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் குழு தண்டர்ட்ரீக்கு வருகிறது. இந்த முறை 2 அங்குல பேஸில் இறக்கையை மடக்கி உட்கார்ந்திருக்கும் சின்ன டிராகன் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் கண் நேரே எதிரில் நிற்பவரைப் பார்க்கிறது, வாய் மூடியிருக்கிறது. முதல் பச்சைப் பூச்சு நேற்று ராத்திரி முடிந்தது. கழுத்துக்கு அடியில் மஞ்சள் ஏற்ற வேண்டும். மடக்கிய இறக்கையின் இடுக்கில் மட்டும் இன்னும் ஈரம் காயவில்லை.