சிரட்டை, பாக்கு, பனை: வீட்டு லேத்தில் ஆறு வருஷம்

என் மேஜையில் ஒரு திருநீற்றுச் சம்புடம் இருக்கிறது. 2021இல் விளாம்பழ ஓட்டில் கடைந்தது. மூடி இன்றைக்கும் 'டப்' என்று உட்காருகிறது. அதே மாதம் எருமைக்கொம்பில் கடைந்த பேனா குப்பைக்குப் போய் வெகுநாள் ஆகிறது. மரம் அல்லாத எதையாவது லேத்தில், அதாவது பொருளைச் சுற்றவிட்டு உளியால் சீவும் கடைசல் எந்திரத்தில், கடைந்தால் அன்றைக்கே படம் எடுத்துக் காட்டிவிடுகிறோம். எண்ணெய் பூசிய முதல் நாளில் எல்லாமே அழகுதான். நாலைந்து மழைக்காலம் தாண்டியபிறகு எது மிஞ்சியது, எது வண்டுக்குப் போனது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

லேத் வாங்கியது 2019 கடைசியில். மேஜைமேல் வைக்கிற சின்ன ரகம். பத்து அங்குல விட்டம் வரை சுற்றும், இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்றரை அடி இடம், அரைக் குதிரைசக்தி மோட்டார். சுற்றும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் நாலு தாடைச் சக், உளிகள், சாணைக்கல் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டை வீட்டுக்குப் பின்னால் மாடு இல்லாத மாட்டுத்தொழுவம் ஒன்று உண்டு, அதுதான் பட்டறை. முதலில் ஒழுங்காக வேம்பு, பூவரசு, புளி என்று மரம்தான் கடைந்தேன். 2020 ஊரடங்கில் மரக்கடையை மூடிவிட்டார்கள். கையில் ஒரு துண்டுக் கட்டை இல்லை. அடுப்படியில் தினம் ஒரு தேங்காய் உடைந்தது. சிரட்டைக்கு வந்த கதை அவ்வளவுதான், கலைத்தாகம் எல்லாம் இல்லை.

சிரட்டை உருண்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லேத்தில் சுற்றவிட்டால்தான் உண்மை தெரிகிறது. மூன்று கண்ணுக்கு ஏற்ப மூன்று மேடு, நடுவில் மூன்று தாழ்வு. ஓட்டின் கனமோ மூன்று நாலு மில்லிமீட்டர்தான். மேட்டைச் சீவி வட்டமாக்கப் போனால் தாழ்வுக்கு உளி எட்டும் முன்பே மேட்டில் ஓட்டை விழுந்துவிடும். முதல் நாலு சிரட்டை அப்படித்தான் போயிற்று. ஐந்தாவதைச் சக்கின் தாடையில் இறுக்கினேன், நொறுங்கியது. ஆறாவதைப் பலகைத் துண்டில் சூட்டுப் பசையால் ஒட்டிச் சுற்றவிட்டேன். உப்புத்தாள் தேய்த்த சூட்டில் பசை இளகி, சிரட்டை பறந்து வந்து முகக் கவசத்தில் 'மடார்' என்று அடித்தது. கண்ணாடி போட்டிருக்கிறோமே, கவசம் எதற்கு என்று அன்று காலை யோசித்தவன் நான்.

ஊரடங்கு தளர்ந்ததும் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு நடை போனேன். பிள்ளைகள் சோறாக்கி விளையாடும் மரச்செப்புச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். அரக்கில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றி, சுற்றும்போதே தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு வரவழைப்பார்கள். ஒரு பட்டறைக்காரரிடம் என் சிரட்டைப் புலம்பலைச் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க வெட்டுறத பத்தியே யோசிக்கிய. மொதல்ல பிடிக்கிறத பாருங்க" என்றார். கட்டையின் முகத்தில் ஒரு குழி கடைந்து, வேலைப்பொருளை அதற்குள் தட்டி உட்கார வைத்துக் காட்டினார். தாடையும் இல்லை, பசையும் இல்லை. அங்கே நின்ற அரைமணி நேரம் நான் பார்த்த எத்தனையோ வீடியோக்களுக்குச் சமம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சிரட்டைக்கும் பூவரசங்கட்டையில் ஒரு குழி. விளிம்பை முதலில் தட்டையான கல்லில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்வேன். நிமிஷத்துக்கு 700, 800 சுற்றுக்கு மேல் போவதில்லை. வெளிப்பக்கத்தை வட்டமாக்கும் ஆசையையும் விட்டுவிட்டேன். விளிம்பையும் உள்பக்கத்தையும் மட்டும் சுரண்டும் உளியால் கடைந்து, வெளியே மேடுபள்ளத்தோடு கையால் தேய்த்துவிடுகிறேன். 400ஆம் நம்பர் உப்புத்தாளைவிட நைஸான தாளுக்குப் போனால் சிரட்டைக்குத் தானாகவே ஒரு மினுக்கம் வந்துவிடுகிறது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தூசிதான் சனியன். மாவாகப் பறக்கிறது. கொசுவத்திச் சுருளில் கலப்பதும் இந்தச் சிரட்டைப் பொடியைத்தான். அதைப் புகையாகவும் வேண்டாம், தூசியாகவும் வேண்டாம் என்று இரண்டு நாள் இருமியபிறகு நல்ல முகமூடி வாங்கினேன்.

ஆறு வருஷத்தில் சிரட்டைச் சாமான்களின் கணக்கு கலவையானது. கரண்டியும் அகப்பையும் நன்றாக உழைக்கின்றன. தினம் கழுவி, தினம் காய்வதால் ஒன்றும் ஆகவில்லை, நாள்பட நிறம் கருத்து இன்னும் அழகாகிவிட்டது. உப்புப் போட்டு வைத்த கிண்ணம் ஒரே ஐப்பசியில் பூசணம் பிடித்தது. உப்பு ஈரத்தை இழுக்கும், சிரட்டை அதை வாங்கிக்கொள்ளும். அடுப்படியில் மூடி வைக்கிற எதற்கும் சிரட்டை வேண்டாம் என்பது என் கருத்து.

விளாம்பழ ஓட்டுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் செல்லப்பிள்ளை. பழைய ஆட்கள் திருநீற்றுக்கு வில்வக்காய் ஓட்டில் குடுக்கை செய்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. விளா ஓடு சிரட்டையை விட உருண்டை, வெளியே சாம்பல் பூத்த மாதிரி சொரசொரப்பு. லேசாகச் சீவினால் உள்ளே வெளிர்மஞ்சள் மரம் போன்ற முகம் தெரியும். பழத்தை உடைக்கக் கூடாது. ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து, சதையை வழித்து வெல்லம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டை நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்ததெல்லாம் கீறல் விட்டது. இன்னொன்றும் பட்டுத்தான் தெரிந்தது. ஈர ஓட்டில் மூடியைப் பொருத்திக் கடைந்தால், காய்ந்ததும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும், மூடி ஏறாது. இரண்டு மாதம் காத்திருந்துதான் மூடி வேலை. ஓட்டின் கனத்தில் மூடி உட்காரப் படி வெட்ட இடம் இல்லை. அதனால் பூவரசில் ஒரு மெல்லிய வளையம் கடைந்து உள்ளே ஒட்டி, மூடியை அதன்மேல் உட்கார வைக்கிறேன். முதல் பத்தியில் சொன்ன 'டப்' அந்த வளையத்தின் உபயம்.

பனையில் நான் பட்டது வேறு வகை. தொல்காப்பியம் வெளியே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த வரி, உளி பிடித்தபோதுதான் புரிந்தது. பனையின் ஓரம் இரும்பு, நடு பஞ்சு. முழுத்தண்டில் கிண்ணம் கடையலாம் என்று கனவு கண்டேன், நடுப்பகுதி கொத்தாகப் பிய்ந்து வந்தது. அப்புறம் ஓரத்து வைரத்தை மட்டும் எடுத்தேன். பச்சைப் பனையை வெட்டச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தேவையும் இல்லை. பழைய ஓட்டுவீடு இடிக்கிற இடத்தில் சொல்லி வைத்தால் நூறு வருஷம் காய்ந்த பனங்கைகள், கூரையைத் தாங்கிய பனஞ்சட்டங்கள், கிடைக்கின்றன. கறுப்பு நார், வெளிர்பழுப்புச் சதை, குறுக்கே வெட்டினால் புள்ளி, நெடுக்கே வெட்டினால் கோடு. பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அந்த நார் ஒவ்வொன்றும் ஊசி. உள்ளங்கையில் ஏறினால் பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். உளியும் பத்து நிமிஷத்தில் மழுங்கும். சாதா உளியை ஒதுக்கிவிட்டு எளிதில் மழுங்காத கார்பைடு முனை வைத்த உளிக்கு மாறியது பனைக்காகத்தான். சதை இளகிய இடத்தில் நீர்த்த ஃபெவிகுவிக்கை ஊற விட்டுக் கெட்டிப்படுத்திக்கொண்டேன்.

பனையில் ஒரு மத்து செய்தேன். கீரை கடைய ஒரு மத்தைக் கடைகிறேன் என்று எனக்கே சிரிப்பு. பசை ஊறிய நடுப்பகுதி தலைக்குப் போகாமல் முழு வைரத்தில் எடுத்திருந்தும், ஒரு வருஷம் சுடுசோறும் பருப்பும் பட்டபிறகு சதை தேய்ந்து, நார் தனியாகத் துருத்திக்கொண்டது. சாப்பாட்டில் நார் முறிந்து விழுந்தால் என்ன கதி? தூக்கிப்போட்டேன். கைத்தடிப் பிடி, கதவுக் குமிழ், விளக்குத் தண்டு என்று தண்ணீர் படாத வேலைகளுக்குப் பனை அருமை. வாசல் கதவின் குமிழ் நாலு வருஷமாகக் கைபட்டுக் கைபட்டு மெருகேறிக்கொண்டே இருக்கிறது.

கொட்டைப்பாக்கில் பம்பரம் கடைந்தேன், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. உள்ளே வெள்ளையும் பழுப்பும் பின்னிய கோலம் சலவைக்கல் மாதிரி இருக்கும். குச்சியின் நுனியில் ஒட்டிவிட்டு, மெல்லிய உளியால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சூடானால் பிளந்துவிடும். முப்பது பம்பரம் செய்து கண்ணாடிச் சீசாவில் போட்டுப் பெருமையாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் சீசாவின் அடியில் பழுப்பு மாவு, பம்பரங்களில் ஊசித்துளை. பாக்கு மண்டிக்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், பாக்கில் வண்டு விழுவது அவர்களுக்குப் பழைய தலைவலி. இப்போது கடையும் முன் பாக்கை ஒரு வாரம் ஃப்ரீசரில் போடுகிறேன். அதற்குப் பின் செய்தவற்றில் இதுவரை துளை இல்லை. கோலத்தில் இருந்த வெள்ளை மட்டும் மெல்ல மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த வழி தெரியவில்லை.

எருமைக்கொம்பு பற்றிச் சுருக்கமாக. நுனிதான் கெட்டி, மீதி உள்ளே பொள்ளல். கொம்பும் நம் முடி, நகமும் ஒரே சரக்கு, சூடேறினால் அதே நாற்றம். "ஏல, தலைமுடியவா பொசுக்குத?" என்று அம்மா தொழுவத்துக்கே வந்துவிட்டார். பேனா வழுவழுவென்று அழகாகத்தான் வந்தது. ஒரு கோடையில் அடுக்கு அடுக்காக விரிந்தது. இன்னொரு துண்டைப் பூச்சி அரித்தது. மறுபடி தொடவில்லை. மான்கொம்பு கிடைக்கும் என்று ஒருவர் ஆசை காட்டினார். காட்டில் தானாக உதிர்ந்ததே ஆனாலும் 1972ஆம் வருஷ வனவுயிர்ச் சட்டத்தில் சிக்கல்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்சட்டி செய்கிற மாக்கல்லிலும் ஒரு அகல் கடைந்தேன். வெண்ணெய் போல வெட்டுப்பட்டது, ஆனால் கல்தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஒன்றோடு நிறுத்தம்.

மெருகு விஷயத்தில் ஒரு பாடம். முதலில் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் பூசினேன். 2020இல் வீட்டுக்கு வருகிற போகிறவர்கள் எல்லாரும் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு இவற்றைத் தொட்டார்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும் என்பதை ரேகை ரேகையாகப் பதித்துவிட்டுப் போனார்கள். சூடான டம்ளர் வைத்தாலும் அரக்கு இளகும். இப்போது கைபடும் சாமானுக்கு எண்ணெயும் தேன்மெழுகும்தான்.

லேத் எப்படி இருக்கிறது? இரும்பு வேலை குறை சொல்ல முடியாது. பெல்ட் ஒருமுறை மாற்றினேன். பாக்கும் புளியும் கடைந்த நாளில் துடைக்காமல் விட்டால் லேத்தின் இரும்புப் படுகையில் கறுப்புக் கறை பிடிக்கிறது, துவர்ப்பு இரும்போடு சேர்ந்த வேலை. மின்சாரம் ஏறி இறங்கியதில் வேகம் மாற்றும் சர்க்யூட் போர்டு மூன்றாம் வருஷம் புகைந்தது. உதிரி வரவழைக்க ஏழு வாரம், விற்றவரிடம் பத்துப் பதினைந்து போன். லேத்தோடு சேர்த்தே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கியிருக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் விலையுயர்ந்த சக்கில் போடும் பணத்தில் பாதியை முகக் கவசத்துக்கும் முகமூடிக்கும் தூசி உறிஞ்சிக்கும் போடுங்கள். பிடிமானத்துக்குப் பூவரசங்கட்டை போதும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய விளாம்பழங்களில் எட்டு ஓடு இப்போது பரணில் காய்கிறது. நேற்று ஏறிப் பார்த்தேன், இரண்டில் கீறல். மீதி ஆறுக்கு வளையம் கடையக் கட்டை அறுத்து வைத்திருக்கிறேன். தை பிறந்தபிறகுதான் மூடி.