வேர்டு ஹெடரில் அச்சாகும் ரிவிஷனை எழுதுவது யார்? வால்ட், பிடிஎம், புராஜெக்ட்வைஸ், ஷேர்பாயிண்ட் ஒப்பீடு

வால்வு ஸ்பெசிஃபிகேஷன் ஒன்று. ஆவண மேலாண்மை அமைப்பில் அதன் ரிவிஷன் (திருத்த எண்) 2, ஆவணப் பதிவேட்டிலும் 2. வெண்டருக்குப் போன பிடிஎஃப்பின் ஹெடரில் மட்டும் 1. செக்-இன் (திருத்திய கோப்பை அமைப்புக்குத் திருப்பித் தருவது), சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாம் முறைப்படி நடந்திருக்கும், யாரும் எந்தப் படியையும் தாண்டியிருக்க மாட்டார்கள். இருந்தும் தாளில் தப்பு எண். பொறியியல் ஆவண அமைப்போடு ஆபீஸ் மென்பொருளை இணைப்பவர்களுக்கு முதலில் உதைக்கும் இடம் இதுதான்.

இங்கே ஒப்பிடும் அமைப்புகள் நான்கு: ஆட்டோடெஸ்க்கின் வால்ட், சாலிட்வொர்க்ஸின் பிடிஎம், பென்ட்லியின் புராஜெக்ட்வைஸ், மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட். விற்பவர்கள் டெமோவில் காட்டுவது ரிப்பனில் புதிதாக முளைத்திருக்கும் டேபை. செக்-அவுட் (திருத்துவதற்காகக் கோப்பை எடுத்துப் பூட்டுவது) பொத்தான் எல்லாரிடமும் இருக்கிறது, அதை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. ஆவண எண்ணும் ரிவிஷனும் நிலையும் எங்கே பிறக்கின்றன, எந்த நேரத்தில் கோப்புக்குள் எழுதப்படுகின்றன, எழுதியது தாளில் தெரிகிறதா: கேட்க வேண்டியவை இவை.

முதலில், கோப்புக்குள் என்ன நடக்கிறது

டாக்ஸ் கோப்பு என்பது ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். ரிவிஷன் போன்ற கஸ்டம் பிராப்பர்ட்டிகள் (கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் தகவல்கள்) ஒரு தனி எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். ஹெடரில் நாம் போட்ட டாக்பிராப்பர்ட்டி ஃபீல்டு (பிராப்பர்ட்டியின் மதிப்பைத் தாளில் காட்டும் குறியீடு) வேறொரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும், கடைசியாகக் கணக்கிட்ட விடையும் அங்கேயே எழுத்தாக உறைந்திருக்கும். அமைப்பு வெளியிலிருந்து பிராப்பர்ட்டியை 2 என்று மாற்றினாலும், அந்த உறைந்த 1 தானாக மாறாது. யாராவது வேர்டில் திறந்து ஃபீல்டுகளைப் புதுப்பிக்க வேண்டும்.

கன்ட்ரோல்+ஏ, எஃப்9 அடித்தால் போதாதா என்றால், போதாது. அது ஆவணத்தின் உடல் பகுதியை மட்டுமே தொடும், ஹெடரும் ஃபுட்டரும் வெளியே நிற்கும். வேர்டு ஆப்ஷன்ஸில் டிஸ்பிளே பகுதிக்குப் போய், அச்சுக்கு முன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் தெரிவை இயக்கி வைப்பது ஒரு வழி. மேக்ரோ எழுதுவது இன்னொரு வழி. அதில் ஸ்டோரிரேஞ்சஸ் (உடல், ஹெடர், ஃபுட்டர் என ஆவணத்தின் பகுதிகள்) வரிசையைச் சுற்றிவந்து புதுப்பிப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் செக்‌ஷனின் ஹெடர் மட்டும் சரியாகும். நெக்ஸ்ட்ஸ்டோரிரேஞ்ச் வழியாக அடுத்தடுத்த செக்‌ஷன்களுக்கும் போக வேண்டும். ஹெடருக்குள் டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து அதற்குள் ஃபீல்டு போட்டிருந்தால் அதுவும் தப்பிவிடும். டெம்ப்ளேட்டில் டெக்ஸ்ட் பாக்ஸை ஒழித்துவிட்டு சாதாரண டேபிள் போடுவது மேல்.

எக்செல் இன்னும் பிடிவாதம். ஹெடரில் பக்க எண், கோப்புப் பெயர், ஷீட் பெயர் போன்றவற்றுக்குத்தான் குறியீடு உண்டு, கஸ்டம் பிராப்பர்ட்டிக்குக் கிடையாது. செல்லில் வரவழைக்கவும் பங்ஷன் எதுவும் உள்ளே இல்லை, விபிஏ (ஆபீஸின் மேக்ரோ மொழி) எழுத வேண்டும். எழுதினால் கோப்பு மேக்ரோ வகையாகிவிடும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுப்பதால், வெண்டர் பக்கம் அந்த டேட்டாஷீட் ஊமையாகத் திறக்கும். எக்செல் டேட்டாஷீட் அதிகம் உள்ள அலுவலகத்தில், வெளியே போவது பிடிஎஃப் மட்டும் என்று விதி வைத்துவிட்டு மேக்ரோவை உள்வட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறை.

ஆட்டோடெஸ்க் வால்ட்

வால்ட்டில் பிராப்பர்ட்டி மேப்பிங் தெளிவானது. எந்த வால்ட் பிராப்பர்ட்டி கோப்பின் எந்தப் பிராப்பர்ட்டியோடு சேர்கிறது, திசை கோப்பிலிருந்து வால்ட்டுக்கா, வால்ட்டிலிருந்து கோப்புக்கா, இரண்டுமா என்று அம்புக்குறியால் தேர்ந்தெடுக்கலாம். ரிவிஷனுக்கு வால்ட்டிலிருந்து கோப்புக்கு என்ற ஒரே திசையை மட்டும் வையுங்கள். இரண்டு திசையும் திறந்திருந்தால், பழைய ஆவணத்தை சேவ்-ஆஸ் செய்து புதியது தொடங்குபவர், பழைய எண்ணையும் கூடவே உள்ளே கொண்டுவருவார். சேவ்-ஆஸ் கஸ்டம் பிராப்பர்ட்டிகளை அப்படியே நகலெடுக்கும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

வால்ட்டின் பலம், இரண்டு மதிப்புகளும் ஒத்துப்போகாவிட்டால் பட்டியலிலேயே குறி காட்டிவிடும். நிலை மாறும்போது பிராப்பர்ட்டிகளை ஒத்திசைக்கும் வேலையை ஜாப் சர்வருக்கு (வேலைகளை வரிசைப்படுத்துவது) அனுப்பி, ஜாப் பிராசசர் (அவற்றைப் பின்னணியில் செய்து முடிப்பது) அதைச் செய்யுமாறு லைஃப்சைக்கிள் டிரான்சிஷனில், அதாவது நிலை மாறும் படியில், அமைக்கலாம். மேலே சொன்ன கண்ணி காத்திருப்பதும் இங்கேதான். ஜாப் பிராசசர் பிராப்பர்ட்டியை எழுதும், குறி மறையும், நிர்வாகியும் நிம்மதியாவார். ஹெடரில் பழைய எண் உறைந்தே இருக்கும். பிடிஎஃப் ஆக்கும் படியில் வேர்டைத் திறந்து ஃபீல்டைப் புதுப்பிக்கும் கட்டளை இருக்கிறதா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்துக்கு ஓடும் பிடிஎஃப் வேலையைக் காட்டி “இது ஆபீஸுக்கும் ஓடும்” என்று சொல்வது பதில் ஆகாது.

கேட் (CAD, கணினி வழி வரைவு மென்பொருள்) தேவைப்படாதவர்களுக்கு வால்ட் ஆபீஸ் என்று தனி உரிமம் இருக்கிறது. கொள்முதல், தரக் கட்டுப்பாடு ஆட்களுக்கு அது போதும்.

சாலிட்வொர்க்ஸ் பிடிஎம்

இதன் குணம் வேறு. விண்டோஸ் எக்ஸ்புளோரரிலேயே பிடிஎம்மின் பெட்டகம் (இதையும் வால்ட் என்றே அழைப்பார்கள்) ஒரு சாதாரண ஃபோல்டராகத் தெரியும். ஆட்-இன் (ஆபீஸுக்குள் சேர்க்கும் துணை நிரல்) விழுந்துபோனாலும் வலது கிளிக்கில் செக்-அவுட் செய்து வேலை பார்க்கலாம். ஆபீஸ் ஆட்-இன்னை நம்பியே இல்லாத இந்தத் தன்மைக்கு என் கணக்கில் பெரிய மதிப்பெண்.

ரிவிஷன், எண் எல்லாம் டேட்டா கார்டில் (ஆவணத்தின் விவரப் படிவம்) இருக்கும். கார்டின் வேரியபிளை (படிவத்தின் ஒரு விவரம்) கஸ்டம்பிராப்பர்ட்டி என்ற பிளாக்கோடும் பிராப்பர்ட்டியின் பெயரோடும் டாக்ஸ் பின்னொட்டுக்கு மேப் செய்தால் கோப்புக்குள் எழுதும். பெயரில் ஒரு இடைவெளி பிசகினாலும் பிழைச் செய்தி வராது. புதிய பெயரில் இன்னொரு பிராப்பர்ட்டி உருவாகும், ஹெடர் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வொர்க்ஃபுளோவில் வரிசை முக்கியம். ஒப்புதல் டிரான்சிஷனில் முதலில் வேரியபிளை அமைக்கும் செயல், அடுத்து ரிவிஷனை ஏற்றும் செயல். மாற்றிப் போட்டால், வேரியபிள் எழுதப்படும்போது கோப்புக்கு இன்னொரு வெர்ஷன் பிறக்கும், ரிவிஷன் முத்திரையோ முந்தைய வெர்ஷனில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிவிஷனைக் கேட்டு எடுப்பவருக்குப் பழைய கோப்பு கிடைக்கும்.

ஸ்டாண்டர்ட் பதிப்பை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் வொர்க்ஃபுளோ ஒன்றுதான். மாடலும் வரைபடமும் போகும் பாதையிலேயே மெத்தட் ஸ்டேட்மென்ட்டும் (வேலை செய்யும் முறையை விளக்கும் ஆவணம்) போயாக வேண்டும். ஆவணங்களுக்குத் தனிப் பாதை வேண்டும் என்றால் புரொஃபஷனலுக்குத்தான் போக வேண்டும். உரிமத்தில், கேட் தொடாதவர்களுக்கு கான்ட்ரிபியூட்டர் போதும், கேட் எடிட்டர் வாங்கிக் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

புராஜெக்ட்வைஸ்

பென்ட்லியின் இந்த அமைப்பு பெரிய உள்கட்டமைப்புத் திட்டங்களில் காலூன்றியது. ஆபீஸ் ஒருங்கிணைப்பை நிறுவியதும் வேர்டின் ஓப்பனும் சேவும் புராஜெக்ட்வைஸின் ஜன்னலைத் திறக்கும். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி, தன் கணினியில் கடிதம் எழுதுபவருக்கு எரிச்சல்.

செக்-அவுட் செய்த கோப்பு, வொர்க்கிங் டைரக்டரிக்குள் டிஎம்எஸ் என்று தொடங்கி எண்ணில் முடியும் ஃபோல்டரில் வந்து உட்காரும். வேலை முடிந்ததும் வரும் தெரிவுகளில் செக்-இன், சர்வர் நகலை மட்டும் புதுப்பித்தல், ஃப்ரீ என்று இருக்கும். ஃப்ரீ என்றால் ஆவணத்தை விடுவிப்பது, அதோடு நீங்கள் செய்த மாற்றத்தையும் விட்டுவிடுவது. “பூட்டைத் திறந்துவிடு” என்று புரிந்துகொண்டு அழுத்தி ஒரு நாள் வேலையை இழப்பவர்கள் உண்டு. பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தை இதற்கே ஒதுக்குவது தகும்.

ஷேர்பாயிண்ட்

ஆபீஸோடு இணைப்பு என்று மட்டும் பார்த்தால் இதை யாராலும் மிஞ்ச முடியாது, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லைப்ரரியின் நெடுவரிசைகள் வேர்டின் குயிக் பார்ட்ஸில் ஆவணப் பிராப்பர்ட்டியாகவே வரும். எட்டுப் பேர் ஒரே லைன் லிஸ்ட்டில் (குழாய்களின் பட்டியல்) ஒரே நேரத்தில் எழுதலாம், மற்ற மூன்றிலும் ஒருவர் செக்-அவுட் செய்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஷேர்பாயிண்ட்டிலேயே கட்டாய செக்-அவுட்டை இயக்கினால் இந்த வசதியும் போய்விடும்.

சிக்கல் மூன்று. ஒன்று, அதன் வெர்ஷன் எண் பொறியியல் ரிவிஷன் அல்ல. 14.0 என்று காட்டும் கோப்பு ரிவிஷன் பி ஆக இருக்கலாம், எனவே ரிவிஷனுக்குத் தனி நெடுவரிசை வேண்டும். இரண்டு, குயிக் பார்ட் இருவழிப் பாதை. ஹெடரில் இருக்கும் பெட்டியில் ஒருவர் 3 என்று தட்டி சேமித்தால் நெடுவரிசையும் 3 ஆகும். ரிவிஷனை ஒப்புதல் ஃபுளோ எழுதட்டும், வெளியிட்ட ஆவணத்துக்கு வாசிப்பு அனுமதி மட்டும் இருக்கட்டும். மூன்று, அது கேட் மொழி பேசாது. எக்ஸ்ரெஃப் (வேறு வரைபடக் கோப்பின் இணைப்பு) கொண்ட வரைபடத்தை அங்கே வைத்தால் எது எதைச் சார்ந்தது என்பதை அது கணக்கில் வைக்காது.

இணைப்புகளும் பாதைகளும்

வேர்டு அறிக்கைக்குள் எக்செல் அட்டவணையை லிங்க்காக ஒட்டினால், முழுப் பாதையும் ஃபீல்டுக்குள் எழுதப்படும். அந்தப் பாதை அடுத்தவர் கணினியில் இல்லையென்றால் அட்டவணை புதுப்பிக்காது. நான்குக்கும் நடுவே வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இதில்தான்.

| | பாதை எல்லாருக்கும் ஒன்றா | செய்ய வேண்டியது |
|---|---|---|
| பிடிஎம் | எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தில் வியூ (பெட்டகத்தின் உள்ளூர் ஃபோல்டர்) போட்டால், ஆம் | லிங்க் செய்த கோப்பையும் கெட் லேட்டஸ்ட் செய்ய வேண்டும் |
| வால்ட் | நிர்வாகி கட்டாயப்படுத்தினால், ஆம் | பொது வொர்க்கிங் ஃபோல்டரை முதல் நாளே நிர்ணயிக்க வேண்டும் |
| புராஜெக்ட்வைஸ் | வேறுபடலாம் | வெளியிடும் முன் லிங்க்கை உடைத்து மதிப்பாக்குவது பத்திரம் |
| ஷேர்பாயிண்ட் | சின்க் செய்த பாதையில் பயனர் பெயர் புகும் | லிங்க்கை வலை முகவரியில் வைக்க வேண்டும் |

இதில் எக்செல்லுக்கென ஒரு வரம்பு: பாதை 218 எழுத்தைத் தாண்டினால் கோப்பைத் திறக்காது. ஷேர்பாயிண்ட் ஆன்லைன் 400 வரை அனுமதிப்பதால் பிரவுசரில் திறப்பது மேசைக் கணினியில் திறக்காமல் போகும். திட்டம், யூனிட், துறை, ஆவண வகை என்று ஆறு அடுக்கு ஃபோல்டர் போட்டுவிட்டு, கடைசியில் ஆவணத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைத்தால் 218 சீக்கிரம் வந்துவிடும். கோப்புப் பெயரில் ஆவண எண் மட்டும் இருக்கட்டும், தலைப்புக்குப் பிராப்பர்ட்டி இருக்கிறது.

ஆட்-இன் காணாமல் போனால்

இந்த வகை டெஸ்க்டாப் ஆட்-இன்கள் பெரும்பாலும் காம் (COM, விண்டோஸில் நிறுவப்படும் பழைய தொழில்நுட்பம்) வகை. ஆபீஸ் 64 பிட் என்றால் ஆட்-இன்னும் 64 பிட்டாக இருக்க வேண்டும். முன்னர் 32 பிட் ஆபீஸ் போட்டிருந்த இடங்களில் புதுப்பித்த மறுநாள் டேப் மறைவது இதனால்தான். பிட் சரியாக இருந்தும் டேப் இல்லையென்றால், ரெஜிஸ்ட்ரியில் அந்த ஆட்-இன்னின் லோட்பிஹேவியர் மதிப்பைப் பாருங்கள். 3 என்றால் சரி, 2 என்றால் ஏதோ ஒரு தடவை பிழையாகி ஆபீஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. ஒவ்வொரு கணினியாகப் போய் மாற்றுவதைவிட, குரூப் பாலிசியில் நிர்வகிக்கப்படும் ஆட்-இன்களின் பட்டியலில் சேர்த்து எப்போதும் இயங்கும்படி வைப்பது நல்லது.

மின்னஞ்சலில் வந்த கோப்பு புரொடெக்டட் வியூவில் திறக்கும்போது ஆட்-இன் பொத்தான்கள் மங்கிக் கிடக்கும். அது கோளாறு அல்ல. எடிட்டிங்கை அனுமதித்த பிறகுதான் உயிர்பெறும். அவுட்லுக்கிலிருந்து டிரான்ஸ்மிட்டலை (ஆவணங்களை அனுப்பும்போது கூடவே போகும் பட்டியல் கடிதம்) நேரே அமைப்புக்குள் தள்ளும் வசதியை நம்பி வாங்குபவர்கள், புதிய அவுட்லுக் காம் ஆட்-இன்களை ஏற்பதில்லை என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். விற்பவரிடம் வலை வகை ஆட்-இன் இருக்கிறதா என்று கேளுங்கள். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் அதே கேள்விதான்.

எதற்கு எது

இயந்திர வடிவமைப்பு நிறுவனம், கேட் ஏற்கெனவே ஆட்டோடெஸ்க் அல்லது சாலிட்வொர்க்ஸ் என்றால், ஆபீஸுக்காக வேறு அமைப்பைத் தேட வேண்டாம். மாடலுக்கு எந்த அமைப்போ ஆவணத்துக்கும் அதுவே. இரண்டில் ஒன்று என்ற நிலை வந்தால், ஆட்-இன் விழுந்தாலும் வேலை நிற்காத பிடிஎம் பக்கம் சாய்வேன். மேப்பிங்கின் துல்லியமும் பிழைக் குறியும் வேண்டுமென்றால் வால்ட்.

ஆலைத் திட்டங்களில் வரைபடத்துக்குச் சமமாக லைன் லிஸ்ட், வால்வு லிஸ்ட், டேட்டாஷீட் என்று எக்செல் குவியும். அங்கே பட்டியல் உருவாகும் காலம் ஷேர்பாயிண்ட்டில் கழியட்டும். வெளியிடும் நாளில் உறைந்த எக்செல்லும் பிடிஎஃப்பும் சேர்ந்து புராஜெக்ட்வைஸ் போன்ற அமைப்புக்குள் போகட்டும். இரண்டு இடம் வைப்பது தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. ஆனால் எட்டுப் பேர் செக்-அவுட்டுக்கு வரிசையில் நின்றால், அவர்கள் தனித்தனி நகலில் எழுதி மாலையில் ஒட்டுவார்கள், அது இதைவிட மோசம்.

மாதம் இரண்டு ஆவணம் தொடுபவருக்கு ஆட்-இன்னே வேண்டாம். பிரவுசர் வழியே எடுத்து, பிரவுசர் வழியே திருப்பிப் போட்டால் போதும்.

வாங்கும் முன் அரை மணி நேரச் சோதனை ஒன்று வையுங்கள். கோப்பு உங்களுடைய டெம்ப்ளேட்டாக இருக்கட்டும், விற்பவர் கொண்டுவந்ததாக இருக்க வேண்டாம். இரண்டு செக்‌ஷன், இரண்டாவது செக்‌ஷனுக்குத் தனி ஹெடர், அதில் ரிவிஷன் ஃபீல்டு. ஆவணத்தை ஏற்றி, ஒப்புதல் கொடுத்து, ரிவிஷனை ஏற்றி, அமைப்பையே பிடிஎஃப் ஆக்கச் சொல்லுங்கள். நடுவில் யாரும் வேர்டைத் திறக்கக் கூடாது. பிடிஎஃப் வந்ததும் முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், இரண்டாவது செக்‌ஷன் தொடங்கும் பக்கத்தின் ஹெடரைப் பாருங்கள்.