காட்டுத்தீக்குப் பிறகு ஆர்.ஓ. கருவி: எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

சமையலறை சிங்குக்கு அடியில் மாட்டும் வழக்கமான ஆர்.ஓ. கருவிதான்: வண்டலைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக் (அழுத்திக் கட்டிய கரி), மெம்ப்ரேன் (நுண்ணிய சவ்வு), சேமிப்புத் தொட்டி, கடைசியில் இன்னொரு சின்ன கரி ஃபில்டரான போஸ்ட் கார்பன். சாதாரண நாட்களில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் காட்டுத்தீ புகுந்து போன ஊரில் இதை நம்பிக் குடிக்கலாமா என்று கேட்டால், 5-க்கு 2 மதிப்பெண்தான்.

தீ தண்ணீரை இரண்டு இடங்களில் கெடுக்கிறது. ஒன்று, எரிந்த மலைச்சரிவு. முதல் கனமழையிலேயே சாம்பலும் வண்டலும் கரிமப்பொருளும் நீர்த்தேக்கத்தில் வந்து சேரும். அமெரிக்காவின் டென்வர் நகருக்குத் தண்ணீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் 1996 பஃபலோ கிரீக் தீக்கும் 2002 ஹேமன் தீக்கும் பிறகு சேர்ந்த வண்டலைத் தூர்வார வேண்டியதாயிற்று. இது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் தலைவலி. ஜாடிகளில் சோதித்துப் பார்த்து (ஜார் டெஸ்ட்), கலங்கலைப் படியவைக்கும் ஆலம் (படிகாரம்) அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இன்னொன்று ஊருக்குள் இருக்கும் குழாய். வீடுகள் எரிந்து இணைப்புகள் திறந்துகொண்டதும் அழுத்தம் விழுகிறது. புகையும் ஆவியும் குழாய்க்குள் இழுக்கப்படுகின்றன. சூடேறிய பிளாஸ்டிக் குழாய்களிலிருந்தும் பென்சீன் என்ற, புற்றுநோய் தரக்கூடிய வேதிப்பொருள் வெளிவரும். கலிஃபோர்னியாவில் 2017 டப்ஸ் தீக்குப் பின் சான்டா ரோசா நகரில் லிட்டருக்கு 40,000 மைக்ரோகிராம் வரையும், 2018 கேம்ப் தீக்குப் பின் பாரடைஸ் ஊரில் 2,200-க்கு மேலும் பென்சீன் பதிவானது. குடிநீரில் அமெரிக்க வரம்பு 5, கலிஃபோர்னியாவில் 1.

இப்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சான்றைப் பாருங்கள். என்.எஸ்.எஃப்/ஆன்சி என்ற அமெரிக்கத் தரச்சான்றில் 42 என்று மட்டும் இருந்தால் அது குளோரின், சுவை, வாசனைக்கான சான்று, பென்சீனுக்கு அல்ல. 53 இருந்தால் பென்சீன் பட்டியலில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தாலும், அந்தச் சோதனையில் உள்ளே விடும் பென்சீன் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம்தான். 15-ஐ 5-க்குள் இறக்கிக் காட்டிய கார்ட்ரிட்ஜ் 2,000-ஐ என்ன செய்யும் என்று அந்த முத்திரை சொல்வதில்லை. விற்பவர்களும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

பலர் மெம்ப்ரேனைத்தான் கதாநாயகனாக நினைக்கிறார்கள். உப்பு, நைட்ரேட், உலோகங்களுக்கு அது சரி. பென்சீன் சிறிய, மின்னேற்றமில்லாத மூலக்கூறு. மெம்ப்ரேனை எளிதில் கடந்துவிடும். சுமை முழுக்கக் கார்பன் மீது விழுகிறது. 10 அங்குல கார்பன் பிளாக்கின் கன அளவு ஏறக்குறைய 0.6 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீருக்குக் கிடைக்கும் தொடர்பு நேரம் 18 விநாடி. 4 லிட்டர் ஓடினால் 9 விநாடிதான். அதனால் வேகத்தைக் குறைப்பது நல்லது. எரிந்த மலையிலிருந்து வரும் கரிமப்பொருளும் பென்சீனைப் பிடிக்கும் அதே கார்பன் துளைகளில் உட்கார்ந்துகொள்வதால், இத்தனை லிட்டர் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்ட கணக்கை அப்படியே நம்ப முடியாது.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து “சுத்தம்” என்று காட்டுவது இன்னும் மோசம். அது மின்கடத்தலைத்தான் அளக்கிறது. பென்சீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்தான் வரும். கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். புற ஊதா விளக்கு கிருமிக்கு மட்டுமே. அதுவும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தடுமாறும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு கார்பன் பிளாக்குகளை வரிசையாக மாட்டி நடுவில் ஒரு சாம்பிள் குழாய் வையுங்கள். நடுவில் பென்சீன் தெரிந்தால் முதலாவதை எறிந்துவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதியதைப் பின்னால் போடுங்கள். தீயின்போது மாட்டியிருந்த கார்ட்ரிட்ஜ், மெம்ப்ரேன், ரப்பர் பை உள்ள தொட்டி எதையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பிடித்து வைத்ததையே அவை மெல்லத் தண்ணீருக்குள் விடும்.

பரிசோதனைக்குத் தண்ணீரை ஃபில்டருக்கு முன்னால் பிடிக்க வேண்டும். குழாயை 72 மணி நேரம் திறக்காமல் வைத்து, முதலில் வரும் தண்ணீரை ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்புங்கள். குழாயைத் திறந்து ஓடவிட்ட பிறகு பிடித்தால் நல்ல முடிவு வரும், ஆனால் பொய்யான முடிவு. பிளாஸ்டிக் குழாய் உறிஞ்சிய பென்சீன், தண்ணீர் தேங்கி நிற்கும்போதுதான் திரும்பக் கசியும். முடிவு வரம்பைத் தாண்டியிருந்தால் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. வீட்டு இணைப்புக் குழாயை மாற்றும்வரை வெளியிலிருந்து கொண்டுவரும் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

ஷவரில் சுடுதண்ணீர் ஓடும்போது பென்சீன் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சிங்குக்கு அடியில் இருக்கும் கருவி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.